ஜகாத்தும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பின், அவையெல்லாம் ஒன்றே எனக் கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. 'ஆம்ஸ்' எனினும் 'சாரிட்டி' எனினும் தருமமே என மனனம் செய்தவர், ஜகாத்தை ஆங்கிலத்தில் எழுத நேர்கையில் கைக்கு வந்த சொல்லை இட்டுவிடுகின்றார். இங்கே பிழைபடுவது இலக்கணம் அன்று. மார்க்கக் கடமையொன்றே உருமாறிப் போகின்றது.

'ஆம்ஸ்', கிரேக்கத்தில் இரக்கத்தைக் குறித்த சொல்லின் வழிவந்தது. இரக்கமுடையவன் இடுவான், இல்லாதவன் கடந்து செல்வான். இலத்தீனில் அன்பைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்த 'சாரிட்டி' சற்றே உயர்ந்தது. எனினும் இதுவும் கொடுப்பவன் உள்ளத்தையே சார்ந்து நிற்கின்றது. 'டியூ' என்பதோ செலுத்தியே தீரவேண்டிய கடன். அதன் பார்வை பெறுபவன் மீது விழுகின்றது. அவன் அதற்கு உரியவன்.

நிஸாப் அளவை எட்டிய பொன்னும் பணமும் ஓராண்டு நிலைத்திருப்பின் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு, ஜகாத். பெறத்தக்கார் எண்வகையினர் எனத் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் வரையறுக்கின்றது. அளவும் ஆளும் வரையறுக்கப்பெற்ற ஒன்று கொடுப்பவனின் இரக்கத்தைப் பொறுத்ததாகுமா?

1930இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் மர்மடியூக் பிக்தால் 'புவர் டியூ' என எழுதினார். அப்துல்லா யூசுப் அலி 'ரெகுலர் சாரிட்டி' என்றார். 'சாரிட்டி' தனித்து நின்றால் போதாது என்று கருதித்தான் அடைமொழி சேர்த்தார் போலும்! அரபு வேரில் உள்ள தூய்மைப் பொருள் பிக்தாலின் சொல்லில் இல்லை. ஆயினும் அதுவே என் தேர்வு. நம்மவர் சிலர் எழுதும் 'ஏழை வரி'யில் அரசாங்க வாடை வீசுகின்றது.

தமிழ் பயில்வோர்க்கு இந்நுட்பம் புதிதன்று. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றைத் தரும்படி கேட்கும் சொற்களே. எனினும் தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் எனக் கேட்பவன் நிலைநோக்கி அவற்றைத் தொல்காப்பியர் பிரித்து வைத்தார். 'ஆம்ஸ்' பெறுபவன் 'ஈ' என நிற்கின்றான். 'டியூ' பெறுபவன் 'தா' எனக் கேட்கலாம்.

கடமையல்லாத ஸதகாவைச் 'சாரிட்டி' எனக் குறிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது விருப்பக் கொடை. ஜகாத் நிதிக்கென ஆங்கிலத்தில் அறிக்கை அச்சிடும் பெரியோர் மட்டும் அச்சொல்லைத் தவிர்த்தல் வேண்டும். தனக்குரிய பங்கைப் பெற வரும் கைம்பெண்ணை, அவ்வொரு சொல் இரவலர் வரிசையில் நிறுத்திவிடுகின்றது.