தும்பை வந்தான்

புறத்திணை இலக்கணத்தின்படி, ஒரு வீரனின் தலையைப் பார்த்தாலே அவன் எதற்குப் புறப்படுகிறான் என்று சொல்லிவிடலாம். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான். அதை மீட்கப் போகிறவன் கரந்தை. கோட்டையை வளைப்பவன் தலையில் உழிஞை, உள்ளேயிருந்து காப்பவன் தலையில் நொச்சி. களத்தில் நேருக்கு நேர் மோதுகிறவனுக்குத் தும்பை. வென்றவனுக்கு வாகை. வெட்சி வேறெங்கும் போய்விடவில்லை. வீட்டு வாசலில் இட்லிப்பூ என்ற பெயரில் நிற்கிறது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சித் தழையைத் தேடுகிறார்கள். தேர்தல் முடிவு வந்த மறுநாள் நாளிதழ்கள் இன்னமும் ‘வெற்றி வாகை சூடினார்’ என்றுதான் எழுதுகின்றன. மூவேந்தர்க்கும் அடையாளம் பூதான்: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு.

இந்தப் பூக்களில் ஒன்றை ஓர் ஆண் குழந்தைக்குப் பெயராக வைக்கலாம் என்றால் மட்டும் வீட்டில் தயக்கம் வந்துவிடுகிறது. “பொம்பளப் புள்ள பேராட்டம் இருக்கே” என்று ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்று இன்னொரு குரல். கடைசியில் பையன் முகிலாகவோ கதிராகவோ ஆகிவிடுகிறான். அழகான பெயர்கள்தான். ஆனால் அவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு பாகப்பிரிவினை தெரியும். கதிரவன், ஆதவன், பரிதி, முகிலன், இமயன் என்று வானமும் மலையும் ஆணுக்கு. அல்லி, முல்லை, தாமரை, பூங்கொடி, மலர்க்கொடி என்று தோட்டம் பெண்ணுக்கு. ஆறுகளும் பெண்ணுக்கே எழுதப்பட்டுவிட்டன: காவேரி, பொன்னி, வைகை, யமுனா.

ஆணின் பெயரில் பூ வரவே வராது என்பதில்லை. வருகிறது, ஆனால் தனியாக வருவதில்லை. தாமரை என்று பெண்ணுக்கு வைக்கலாம். திரைப்பாடல் எழுதும் கவிஞரின் பெயரே அது. அதே பூ ஆணுக்குப் போகும்போது தாமரைச்செல்வன் ஆகிறது. முல்லை, முல்லைவேந்தன் ஆகிறது. மலர், மலர்மன்னன். வைகை, வைகைச்செல்வன். பெண் பூவாகவே இருக்கிறாள். ஆண் அந்தப் பூவுக்கு அரசனாகவோ வாரிசாகவோதான் இருக்க முடிகிறது. பெண்களுக்கு வைத்த கயல்விழி, தேன்மொழி, கனிமொழி போன்ற பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மீன் அவள் கண்ணுக்கு உவமை, தேன் அவள் பேச்சுக்கு உவமை. இயற்கை ஒரு பக்கம் அழகை அளக்கும் கோலாகவும், மறுபக்கம் ஆளப்படும் நாடாகவும் ஆகிவிட்டது. இது தமிழின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. பழக்கம், அவ்வளவே.

தனித்தமிழ்ப் பெயர்களின் முன்னோடிகள் இப்படி வேலி போடவில்லை. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், அசலம் மலையானது. அவர்கள் பெயரின் பொருளைத் தேடினார்கள், அவ்வளவுதான். செல்வனும் வேந்தனும் மன்னனும் பின்னால் வந்த மேடைத்தமிழ்க் காலத்தில்தான் பெயர்களில் பெருகினார்கள்.

கிராமத்துப் பெயர்களோ இன்னும் தாராளமானவை. பூமாலை என்று பெயருள்ள தாத்தாக்கள் தென்மாவட்டங்களில் உண்டு. அழகர்கோவில் மலையின் பெயரான சோலைமலை மதுரைப் பக்கம் ஆண்பிள்ளைகளின் பெயர். சோலை என்ற ஒற்றைச் சொல்லோடு தமிழ்ப் பத்திரிகைகளில் பல்லாண்டு அரசியல் எழுதியவர் ஓர் ஆண். மாரி என்றால் மழை; ஆணும் மாரி, பெண்ணும் மாரி. தாமரைக்கனி என்ற பெயரோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் சட்டமன்றத்துக்கே போனார். வேந்தனும் இல்லை, செல்வனும் இல்லை, வெறும் கனி.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி மருது. மருது என்பது ஆற்றங்கரையில் வளரும் மருத மரம். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் சொல்ல மருது என்ற ஒற்றைச் சொல்லே போதும். அந்தப் பெயரைக் கேட்டால் இன்று வளரி என்னும் எறிபடை நினைவுக்கு வருகிறது, வீரம் நினைவுக்கு வருகிறது. ஒரு சொல்லுக்கு ஆண்மையோ பெண்மையோ பிறவியில் இல்லை. அதைச் சுமந்தவர்களிடமிருந்து அதற்கு வாசனை ஏறுகிறது. ஈழத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1966 முதல் ‘மல்லிகை’ இதழை நடத்திய டொமினிக் ஜீவாவை வாசகர்கள் மல்லிகை ஜீவா என்றே அழைத்தார்கள். கூந்தலுக்கென்றே ஒதுக்கப்பட்ட பூ, யாழ்ப்பாணத்தில் ஓர் எழுத்தாளரின் அடைமொழியானது.

வடமொழிப் பெயர்களில் தாமரை படும் பாடு இன்னும் சுவையானது. அரவிந்தனும் ராஜீவும் தாமரைதான், ஆண்கள். நளினியும் சரோஜாவும் தாமரைதான்; பெண்கள். பங்கஜம் தமிழ்நாட்டில் பாட்டி, வடக்கே போனால் பங்கஜ் என்ற வாலிபன். எல்லாம் ஒரே குளத்துப் பூ. அரவிந்தன் என்ற பெயரை மகனுக்கு வைக்கும்போது யாரும் பூவென்று தயங்குவதில்லை. பொருள் மறைந்திருப்பதால் தைரியம் வருகிறது. அதையே தாய்மொழியில் சொன்னால் கூச்சம் வருகிறது. இந்தக் கூச்சத்தைத்தான் விட வேண்டும்.

பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டாமா என்பார்கள். தமிழில் அந்த வேலையை வினைமுற்று செய்துவிடுகிறது. ‘தும்பை வந்தான்’, ‘தும்பை வந்தாள்’. ஒரு விகுதியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பெயரின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டியதில்லை.

கேலி பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. வகுப்பறையில் ஒரு பையனின் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டால் அவன் வீட்டுக்கு வந்து அழுவான். ஆனால் எதை வைத்துக் கேலி செய்கிறார்கள்? ‘பொண்ணு மாதிரி’ என்பது வசவாக இருப்பதால்தானே. மகளை ஆண்பிள்ளை போல வளர்த்தேன் என்று ஊரறியப் பெருமைப்படும் தகப்பன்கள் உண்டு. மகனுக்கு அதைத் திருப்பிச் சொல்லிப் பெருமைப்படுபவர் அரிது. அந்த வசவுக்கு அஞ்சிப் பூவைக் கைவிட்டால், வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளைப் பற்றிய இழிவை வீடும் ஒப்புக்கொண்டதாகிறது. குழந்தைகள் முதலில் படிக்கும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்ற இரண்டு நூல்களின் தலைப்பும் பூச்சூடிய சிவனைக் குறிப்பவை. கேலி செய்கிற பையன்களுக்கு ஆசிரியர் அதைச் சொல்லித் தரலாம்.

குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாமல் போன புலவர்கள் சிலரை, அவர்கள் எழுதிய உவமையாலும் தொடராலுமே அழைத்தார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறிதூண்டிலார், கல்பொருசிறுநுரையார், நெடுவெண்ணிலவினார், அணிலாடுமுன்றிலார். செம்மண்ணில் விழுந்த மழை, தூண்டில், பாறையில் மோதும் நுரை, நிலா, முற்றத்து அணில். ஆணா பெண்ணா என்பதை இவற்றில் எந்தப் பெயரும் காட்டிக்கொடுப்பதில்லை.