காளைக்கன்றுக்கு இடமில்லாத கனவு

பெங்களூரின் அடுக்ககங்களில் வாழும் நடுத்தர வர்க்கத்தாரிடம் ஒரு கனவு பரவலாக உண்டு. நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டுக் கனகபுராப் பக்கமோ சக்லேஷ்புராப் பக்கமோ இரண்டு ஏக்கர் வாங்க வேண்டும். ஓட்டுவீடு, பத்து நாட்டுக்கோழி, ஒரு ஹள்ளிக்கார் பசு, அதன் கன்று. இதைக் கேலி செய்வது எளிது, பயனற்றதும்கூட. திரைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் நடுவே தேயும் மனம் ஓர் உயிரின் அருகாமையை விரும்புவதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அக்கனவில் எவையெல்லாம் விடுபடுகின்றன, அந்த விடுபடலின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் விடுபடுவது உழைப்பு. பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியுமுன் சாணம் அள்ளி, தொழுவம் கழுவி, பால் கறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்தால் மாலையில் மறுபடியும் அதே வேலை. இதில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பெண்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலவுடைமைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்களுடையவை. ‘நிர்வகிக்கப்படும் பண்ணை நிலம்’ என்ற பெயரில் வரும் விளம்பரங்கள் இதை மறைப்பதும் இல்லை. வாங்கியவர் வார இறுதியில் வந்தால் போதும், மற்ற நாள்களை ஆள்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அவற்றின் சாரம். (அந்த ஆள்களுள் சிலர் அதே நிலத்தை விற்றவர்களாகவும் இருக்கக்கூடும்.)

அடுத்து விடுபடுவது காளைக்கன்று. பசு கறக்க வேண்டுமானால் ஈன வேண்டும். ஈனுபவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண். ஏரும் வண்டியும் எருதை நம்பியிருந்த காலத்தில் அது செல்வம். டிராக்டர் வந்தபின் அது தீவனச் செலவு. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் 19.2 கோடி மாடுகளில் பெண் மாடுகள் 14.5 கோடி, ஆண் மாடுகள் 4.7 கோடி. 2012 கணக்கெடுப்புடன் ஒப்பிட்டால் ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்திருக்கின்றன. பிறப்பில் சமமானவை தொகையில் மூன்றுக்கு ஒன்றாகிவிடுகின்றன. விற்பனை, பால் மறுக்கப்பட்டுச் சாதல், அடிமாடாகப் போதல், தெருவில் விடப்படுதல் ஆகியவையே அந்த இடைவெளிக்கான விளக்கங்கள். தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 50 லட்சம் என்கிறது அதே கணக்கெடுப்பு. பாலினம் பிரித்த விந்தை அரசே இப்போது ஊக்குவிக்கிறது. கிடாரி மட்டும் போதும் என்பதற்கான தொழில்நுட்பம் அது.

கர்நாடகத்தில் 2020ஆம் ஆண்டு இவ்வகையில் கவனத்துக்குரியது. உழவரல்லாதார் விளைநிலம் வாங்குவதைத் தடுத்த 79ஏ, 79பி பிரிவுகள் நிலச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து அவ்வாண்டில் நீக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மாடு வெட்டுவதற்கு ஏறக்குறைய முழுத்தடை விதிக்கும் சட்டமுன்வடிவு சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஒன்று கனவு காண்பவருக்கு நிலத்தைத் திறந்துவிட்டது. மற்றொன்று அவர் மனத்திலுள்ள பசுவைச் சட்டமாக்கியது. சிறு உழவருக்கோ பால் வற்றிய மாட்டை விற்ற பணமே அடுத்த கறவைக்கான முதல். அவ்விற்பனை முடங்கினால், கறக்காத மாட்டுக்கும் அவரே தீனி போட வேண்டும். இல்லையேல் இரவில் அவிழ்த்துவிட வேண்டும். 13 வயது கடந்த எருமைக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. நாட்டின் பாலில் பாதிக்குச் சற்றே குறைவாகத் தரும் எருமை எவர் கனவிலும் வருவதில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

ஹள்ளிக்கார் பால் மாடு அன்று. உழவுக்கும் இழுவைக்கும் பேர்போன இனம். அதன் புகழ் முழுவதும் காளையால் வந்தது. அந்த இனத்தையே தேடி வாங்க விரும்புவோர் தரகரிடம் விலை கேட்கிறார்கள், சுழி பார்க்கச் சொல்கிறார்கள், எத்தனை லிட்டர் கறக்கும் என்கிறார்கள். ஈனுவது காளைக்கன்றானால் என்ன செய்வது என்று கேட்பவர் அரிது. கேட்டால் தரகரிடம் விடை உண்டு.