நாற்றம் நின்றால் நஞ்சும் நீங்குமா?

வீட்டு இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் செப்பியா நிறமேற்றுவோரிடையே, அழுகிய முட்டை நாற்றம் தொடக்கத்தில் குமட்டினாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும், அடங்கியபின் அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை வேரூன்றியுள்ளது. அடங்குவது மூக்கே அன்றி வாயு அன்று. வெளுப்பூட்டிய படத்தைச் சோடியம் சல்பைடுக் கரைசலில் இடுகையில் அதிலுள்ள வெள்ளி பழுப்பு நிற வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டினால், மணமறியும் திறனைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குவோர் எச்சரிக்கையின்றி மயங்கி விழ இதுவும் ஒரு காரணம். தட்டிலுள்ள நீர்த்த கரைசல் அந்த அளவை எளிதில் எட்டாது என்பது உண்மையே. ஆயினும் டெவலப்பரின் வினையை நிறுத்தும் அசிட்டிக் அமிலமோ அமிலம் கலந்த ஹைப்போவோ அதில் சேர்ந்தால் வாயு திடீரெனப் பெருகும். இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலில் மயிர் நீக்க உதவுவதும் இதே சல்பைடுதான். அமிலக் கழிவு அதனோடு சேர்ந்தால் அங்கும் விளைவது இதே வாயுதான்.

எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். ஒளி புகாதபடி அடைத்த அறையில் புதுக்காற்று நுழைய வழியில்லையெனில் விசிறி வெறுமனே சுழலும். தலைக்கு மேல் பொருத்தினாலோ வாயுவை முகத்தின் வழியே இழுத்துச் செல்லும். மணிக்கு 10 முறையாவது அறைக்காற்று மாற வேண்டும் என்பது கோடாக் நிறுவனத்தின் பரிந்துரை. 480 கன அடி அறைக்கு அது 4,800 கன அடி.

பெரிய காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், பக்கச் சுவர்கள் ஒட்டிய நீள வீட்டின் நடு அறையிலிருந்து விசிறி தள்ளும் காற்று முற்றத்தில் தேங்கித் தறியிருக்கும் கூடத்துக்கே திரும்பக்கூடும். பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசிய அசல் சரிகை, முலாம் மெலிந்த இடங்களில் அவ்வாயுவால் கறுக்கும். படத்தில் விரும்பிச் செய்யப்படும் வினையே புடவையில் கேடாகிறது.

இத்தனைக்கும் நிறமேற்றலுக்கு இருட்டே தேவையில்லை. ஹைப்போவில் நிலைநிறுத்திக் கழுவிய படத்தை வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்பதால், புழக்கடையிலோ மொட்டைமாடியிலோ காற்று பக்கவாட்டில் வீசுமாறு நின்று பட்டப்பகலில் இதைச் செய்யலாம். பழக்கத்தால் இருட்டறையிலேயே செய்வோர், அங்கே அடுக்கியுள்ள பயன்படுத்தாத ஒளிப்படத் தாள்களையும் அதே வாயுவால் மங்கச் செய்துகொள்கின்றனர்.