அளவும் மதிப்பும்



பெருமாள் ஏரியின் மதகைத் திறக்கும் முன் நீரின் அளவைப் பார்ப்பது வழக்கம். அளவறியாமல் திறந்தால் தலைமடை மூழ்கும், கடைமடை காயும். குறிஞ்சிப்பாடி வட்டத்து உழவர் யாவரும் இதனை அறிவர். இன்று நம் இல்லங்களுக்குள் இணையம் என்னும் வேறொரு வெள்ளமும் பாய்கிறது. அதனையும் இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அளப்பது எவ்வாறு? நாம் அனுப்பும் செய்தியும் காணும் படமும் ஒரே துண்டாகச் செல்வதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றன. தபால் உறையைப் போலவே ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகள் உண்டு. இடையிலுள்ள ‘ரூட்டர்’ என்னும் கருவி, தன்னைக் கடந்த பைட்டுகளைத் தண்ணீர் மீட்டர்போல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அந்த எண்ணைப் படித்து, முந்தைய எண்ணைக் கழித்தால், இடைப்பட்ட ஓட்டம் விளங்கும். இதனை வரைபடமாக்கும் எளிய நிரல் ஒன்றைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோபியாஸ் ஓட்டிக்கர் 1990-களின் நடுவில் உருவாக்கினார். உலகெங்கும் பொறியாளர் அதனைக் கையாண்டனர்.

இத்தகைய அளவையின் பயனை 2020-இல் கண்டோம். மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கோவில் கதவுகள் அடைபட்டன. புனித வாரத் திருவழிபாட்டையும் கைபேசித் திரையிலேயே கண்டோம். பள்ளிப்பாடம், அலுவலகப்பணி, திரைப்படம் யாவும் ஒரே பாதையில் நெருங்கின. ஓட்டம் பெருகுவதைக் கண்ட கைபேசி நிறுவனங்களின் சங்கம் அரசுக்கு எழுதியது. படங்களை இணையவழி வழங்கும் நிறுவனங்கள் மார்ச் 24 அன்று கூடி, ஏப்ரல் 14 வரை கைபேசிகளுக்குக் குறைந்த துல்லியத்திலேயே படம் அனுப்ப இசைந்தன. கடைமடைக்கும் நீர் எட்டும்பொருட்டுத் தலைமடைக்காரர் சற்றே விட்டுக்கொடுப்பது போன்றது அது. அளந்தவர் இருந்தமையாலன்றோ அது இயன்றது!

ஆயினும் அளவைக்கு ஓர் எல்லை உண்டு. 2014-இல் கைபேசியில் இணையம் பயன்படுத்திய இந்தியர் ஒருவர் மாதந்தோறும் செலவிட்டது சராசரியாக 62 மெகாபைட் அளவே. 2024-இல் அது 20 கிகாபைட்டைக் கடந்தது என்கிறது அரசுக் கணக்கு. பத்தாண்டில் முந்நூறு மடங்குக்கும் மேல்! நம் அறிவும் அன்பும் முந்நூறு மடங்கு வளர்ந்தனவா? அதனை எந்த மீட்டரும் கூறாது.

இன்னொன்றும் கேளுங்கள். துல்லியமான திரைப்படம் ஒரு மணி நேரம் ஓட 3 கிகாபைட் வரை ஆகலாம். ஆங்கில விவிலியம் முழுவதும் வெறும் எழுத்தாக ஏறத்தாழ 5 மெகாபைட்டே. அந்த ஒரு மணி நேரத்தில் அறுநூறு விவிலியங்கள் அடங்கிவிடும்.

எனவே, “இவ்வளவு டேட்டா தீர்ந்ததா?” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். காணொளிப் பாடம் கற்கும் மகளின் கணக்கில் கிகாபைட்டுகள் குவியும். அதே மகளை இரவெல்லாம் அச்சுறுத்தும் ஒருவனின் சொற்களோ சில ஆயிரம் பைட்டுகளே. வரைபடத்தில் ஒரு மேடாகவும் அவை எழும்பா. அளவைப் பார்த்து அமைதியுறும் பெற்றோர், அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைக் காணாமற் போகலாம். வளைகுடாவில் உழைக்கும் மகன், “அம்மா, சாப்பிட்டாயா?” என்று எழுதும் வரியும் நூறு பைட்டுக்குள் அடங்கும். அந்த வீட்டில் அன்றிரவு அதனைவிடப் பெரிய செய்தி வேறுண்டோ?

உறைகளைப் பற்றியும் ஒரு சொல். இன்று பெரும்பாலான செய்திகள் பூட்டப்பட்டே செல்கின்றன. வழியில் உள்ளோர் உள்ளிருப்பதைப் படிக்க இயலாது. எனினும் எந்த வீடு நள்ளிரவில் விழித்திருக்கிறது, எத்தளத்தை எத்தனை முறை நாடுகிறது என்பவற்றை உறைகளே காட்டிக்கொடுக்கும். பிறர் அறிய விரும்பாததை நாமும் வரம்பின்றி ஓடவிடலாகாது.

மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் இடுவதை ஆண்டவர் கவனிக்கிறார். செல்வர் இட்ட மிகுதியையும் கைம்பெண் இட்ட இரு காசுகளையும் அவர் கண்டார். அக்காசுகளுக்குப் பின்னிருந்த வாழ்வையும் கண்டமையால், அவளே மிகுதியாக இட்டவள் என்றார்.

இந்த மாதம் ஒரு மாலை, செபமாலைக்குப்பின், குடும்பமாக அமருங்கள். எந்தச் செயலி எவ்வளவு டேட்டாவை எடுத்தது என்பதைக் கைபேசியே காட்டும். தந்தையார் தம் கைபேசியை முதலில் காட்டட்டும். எண்களை வைத்துத் தீர்ப்பிட வேண்டாம், “இதில் உனக்கு மகிழ்ச்சி தந்தது எது? வருத்தம் தந்தது எது?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை பேசத் தொடங்கினால், குறுக்கிடாமல் கேளுங்கள்.

உள்ளங்களை அறியும் இறைவன், ஒருவர் ஒருவருடைய உள்ளத்தை அறியும் வரத்தை உங்கள் இல்லங்களுக்கு அருள்வாராக!