கடலடியில் ஒரு துணை

வெனிசுலாவின் கரைக்கு வடக்கே, கரீபியக் கடலில், நெதர்லாந்துக்கு உரிய பொனேர் என்னும் சிறு தீவு உண்டு. மூச்சுக்கருவியுடன் மூழ்கி விடுமுறையைக் கழிக்க அங்கே செல்லும் தம்பதியருக்குப் படகுகூடத் தேவையில்லை. சாலையோரத்து மஞ்சள் கற்கள் மூழ்குமிடங்களைக் காட்டும். கரையிலிருந்தே இறங்கினால் சிறிது தூரத்தில் பவளப்பாறை. 1979 முதல் 60 மீட்டர் ஆழம் வரை பாதுகாக்கப்படும் கடல் அது. கையுறை அணியத் தடை; அணிந்தால் கை பவளத்தைப் பற்றத் துணியும் அல்லவா!

வாசகர்களே, என்னை வியக்கவைத்தது வேறொன்று. இறங்குமுன் ஒருவர் கருவிகளை மற்றவர் சோதித்தல் வேண்டும். ஒவ்வொருவர் காற்று உருளையிலும் இரண்டு வாய்க்குழாய்கள்: ஒன்று தமக்கு, மற்றது, துணைவருக்குக் காற்றுத் தீர்ந்தால் நீட்டுவதற்கு. நீருக்குள் பேச்சில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே செல்வோம்' என்று பொருள். ஒருவர் உயர்த்தினால் மற்றவர் காரணம் கேட்பதில்லை. எதிரே அழகிய மீன்கூட்டம் நின்றாலும் உடன் திரும்புகிறார். நிலத்தில் இத்தனை அமைதியாக இணங்கும் தம்பதியரை நான் அதிகம் கண்டதில்லை.

விரைந்து ஏறவும் கூடாது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உடலை முடக்கிவிடக்கூடும். ஆகவே 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம், இருவரும் எதிரெதிரே காத்து நிற்கின்றனர்.