அச்சுக்கு முதல் இலக்கு

கருமருந்துத் தோட்டா போடுகிற பழைய ரைபிளுக்குச் சன்னம் வார்க்க எந்த அச்சை வாங்கலாம் என்று கேட்டால், அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறிப்போன ஆக்கள் உடனே எடையில்தான் தொடங்குகிறார்கள். 405 கிரெய்னா, 500ஆ, 535ஆ? பிறகு அச்சு இரும்பா, பித்தளையா, அலுமினியமா என்று கதை போகும். இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு படி பிந்தி வரவேண்டியவை என்பதுதான் எங்கள் கருத்து. முதல் கேள்வி, சன்னம் போய் விழுகிற இடத்தில் என்ன நிற்கிறது என்பது.

எங்களில் ஒருவரும் துவக்கு வைத்திருப்பவர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமவெளிகளில் பைசன் எருமைகள் அழிக்கப்பட்ட கதையை வாசிக்கப் போய், அதே துவக்குகளுக்கு இன்றைக்கும் அச்சு செய்து விற்கிறார்கள் என்று கண்டோம். அதுக்குப் பிறகு இரவிரவாகக் காணொளி பார்த்ததுதான் மிச்சம். சன்னம் என்ற சொல்லு எங்கட வீடுகளில் பொழுதுபோக்குச் சொல் இல்லை. அதனாலோ என்னவோ, அதன் மூக்கு வடிவத்தை இரண்டு பேர் அரை மணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைப்பதைப் பார்க்க முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவர்களிடம் இருக்கிற அறிவு உண்மையான அறிவு. அதை மறுக்க ஏலாது.

கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாது. அதில் ஒரு பகுதி புகையோடு போகும், மிச்சம் கரியாகவும் உப்பாகவும் குழலுக்குள்ளேயே படியும். அந்தப் படிவு காய்ந்து இறுகினால் அடுத்த சன்னம் ஒழுங்காகப் போகாது. அதைத் தடுக்கத்தான் சன்னத்தின் இடுப்பைச் சுற்றித் தவாளிப்பு வெட்டி, தேன்மெழுகு கலந்த கொழுப்பை நிரப்புகிறார்கள். புகையில்லா மருந்துக்கென்று செய்த அச்சுகளில் இந்தத் தவாளிப்பு ஒடுக்கமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும். 30 அங்குலக் குழலின் கடைசிவரை அந்தக் கொழுப்புக் காணாது. சுட்டு முடிந்தபின் குழல் வாயில் ஈரமான கொழுப்பு வளையம் தெரிந்தால் போதுமானது இருந்திருக்கிறது என்று அர்த்தம். விலை மலிவு என்று அச்சு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். (கொழுப்பு சின்ன விசயம் இல்லை, பாருங்கோ. என்பீல்ட் துவக்கின் தோட்டாக் கடதாசியில் பூசின கொழுப்பு மாட்டினதா பன்றியினதா என்ற பயம்தான் 1857இல் வங்காளப் படையின் சிப்பாய்களைக் கிளப்பிவிட்ட பொறிகளில் ஒன்று.)

அடுத்தது விட்டம். அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட 45-70 தோட்டாவை எடுத்துக்கொள்ளுவம். 45 என்பது அங்குலத்தின் நூற்றில் 45 பங்கு விட்டம். 70 என்பது மருந்தின் எடை கிரெய்னில். ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெய்ன் என்பதால், 500 கிரெய்ன் சன்னம் ஏறக்குறைய 32 கிராம். பேர்தான் 45. தவாளிப்பின் அடிவரை அளந்தால் விட்டம் 0.458 அங்குலத்துக்குக் கிட்ட வரும், துவக்குக்குத் துவக்கு கொஞ்சம் வித்தியாசப்படும். ஆகவே மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி எடுத்து அளந்து பார்க்காமல் அச்சுக்குக் காசு கட்டக்கூடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விற்பனைப் பட்டியலில் போட்டிருக்கும் விட்டம் குறிப்பிட்ட ஒரு கலவைக்கானது. லைமன் கொம்பனியின் பழைய அளவுகள் ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் சேர்ந்த கடினமான கலவையை வைத்துச் சொன்னவை. கருமருந்துக்காரர் வார்ப்பதோ இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் மாதிரியான மெதுவான கலவை. மருந்து வெடிக்கும் அடியில் சன்னம் கொஞ்சம் விரிந்து குழலை அடைக்கவேண்டும், அதுக்குத்தான் அந்த மென்மை. மெதுவான கலவை ஆறும்போது கூடச் சுருங்கும். பட்டியலை நம்பி வாங்கினவரின் கையில் மெலிந்த சன்னம் வந்து விழும்.

எடை என்று இவர்கள் சொல்வது உண்மையில் நீளம். விட்டம் மாறாது, ஆகவே பாரம் கூடினால் சன்னம் நீளும். நீண்ட சன்னம் தலைகுப்புற விழாமல் பறக்க வேகமாகச் சுழலவேண்டும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்று கணக்குப் பார்க்க 1879இல் கிறீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் கொடுத்த சூத்திரத்தை இன்றைக்கும் பாவிக்கிறார்கள். 22 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போகிற இராணுவக் குழலுக்கு 405, 500 கிரெய்ன் சரி. அதைவிட நீண்ட போட்டிச் சன்னங்களுக்கு 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று நல்லது. கையில் இருக்கும் குழலைப் பார்க்காமல் பாரத்தைப் பெருமையாகக் கதைப்பது வெறும் வாய்ச்சவடால்.

இவ்வளவையும் விளங்கிக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு அச்சும் ஒரு இலக்கை நினைத்தே வெட்டப்பட்டிருக்கிறது. தட்டை மூக்கு மிருகத்தின் உடம்புக்கு. 500 கிரெய்ன் உருண்டை மூக்கு இராணுவத்துக்கு. ஒடுங்கி நீண்ட மூக்கு, தூரத்தில் இருக்கும் இலக்குப் பலகைக்கு. அந்த மூன்றாவது வடிவத்தின் பேரில் கிறீட்மோர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நியூயோர்க்கின் லோங் ஐலன்டில் இருந்த அந்தத் திடலில் 1874இல் ஐரிஷ் அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார் தூரங்களில் மோதின. ஐரிஷ்காரர் எங்கட இடியன் துவக்குப் போல வாய்ப்பக்கமாக மருந்து போடுகிற துவக்குகளோடு வந்தார்கள். அமெரிக்கர் பின்பக்கம் தோட்டா போடுகிற ஷார்ப்ஸ், ரெமிங்டன் துவக்குகளோடு நின்றார்கள். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. ஐரிஷ் வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில் சுட்டுவிட்டார், அதுக்குப் புள்ளி இல்லை. அது மட்டும் நடக்காவிட்டால் கதையே வேற.

அதே ஆண்டில், அதே ஷார்ப்ஸ் துவக்குகள் தெற்குச் சமவெளியில் பைசன் மந்தைகளைத் தோலுக்காகச் சரித்துக்கொண்டிருந்தன. வேட்டைக்காரர் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, இரவில் முகாம் நெருப்பில் ஈயம் உருக்கி, பாவித்த கோதுகளையே திரும்ப நிரப்பினார்கள். தூரத்தில் இருந்து ஆறுதலாகச் சுட்டால் மந்தை கலையாது. ஒரே இடத்தில் படுத்திருந்து பத்துப் பத்தாகக் கொல்லலாம். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைந்தது. அதை நம்பி வாழ்ந்த கொமாஞ்சே, கயோவா, லக்கோட்டா மக்களுக்குச் சாப்பாடும் கூடாரமும் உடுப்பும் அதோடு போயின. இலங்கைக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அதுக்குக் கொஞ்சக் காலம் முந்தி மேஜர் றோஜர்ஸ் இங்கே 1400 யானைகள் வரை கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் செத்துப்போனார். அந்தத் துவக்குகளையும் சிலர் அழகு என்றுதான் சொல்லுவார்கள்.

இதனால் இந்தப் பொழுதுபோக்கையே தூக்கி எறியச் சொல்லுகிறோமா? இல்லை. இலக்கை மாற்ற முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். மெக்சிக்கோவில் ஒரு காலத்தில் உயிருள்ள பிராணிகளைக் கட்டிவைத்துச் சுடுகிற போட்டி இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு இரும்புத் தகட்டு உருவங்கள் வந்தன. இன்றைக்குக் கருமருந்து ரைபிள்காரர் அமெரிக்காவில் 200 மீற்றரில் இரும்புக் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா என்று சுடுகிறார்கள். கடா தகட்டில் பட்டால் மட்டும் காணாது, விழவேண்டும். 500 கிரெய்னுக்கு மேற்பட்ட அச்சை ஆக்கள் தேடுவதற்கு அதுதான் நேர்மையான காரணம். பாரத்தைப் பற்றி நாங்கள் கேட்ட வாதங்களில் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் தகட்டில் பட்டுச் சிதறுகிற ஈயத்தை யார் பொறுக்குவது? சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தில் கிடக்கும் ஈயத்துணுக்கைத் தின்று கலிபோர்னியக் கொண்டோர் பருந்துகள் நஞ்சேறிச் செத்தன. 1982இல் உலகத்திலேயே மிஞ்சினவை 22. அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத்தை முற்றாகத் தடைசெய்தது. திடலில் இலக்குச் சுடுவதை அந்தச் சட்டம் தொடவில்லை. எங்கள் பார்வையில் அதையும் தொடவேண்டும். ஈயத்தை நிறுத்தச் சொல்லி இல்லை, செம்பை வீட்டு அடுப்பில் உருக்கி வார்க்க ஏலாது என்பது எங்களுக்கும் தெரியும். தகட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணை அரித்து ஈயத்தை எடுத்துத் திரும்ப உருக்கு, அதுக்குப் பிறகு அடுத்த போட்டியை நடத்து என்று ஒரு விதி போட்டால் போதும். இருபதுக்கு ஒன்று என்று இவ்வளவு நுணுக்கமாகக் கலவை பார்க்கிற ஆக்களுக்கு மண் அரிப்பது பெரிய வேலை இல்லை.