கவனிப்பவரையும் கவனிப்போம்!

கேரளத்தில் கரோனா தீநுண்மியின் முதல் உயிரிழப்பு 2020 மார்ச் 28 அன்று பதிவானது. இறந்தவர் கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த முதியவர். அதே ஆண்டு ஜூலையில், அதே எர்ணாகுளம் மாவட்டத்தின் திருக்காக்கரையில் உள்ள கருணாலயம் இல்லத்தில் முதியோர் பலர் கரோனா தொற்றுக்கு உள்ளாயினர். வாசலைத் தாண்டாத முதியோரை நோய் எப்படித் தேடி வருகிறது?

வெளியிலிருந்து நாள்தோறும் வந்து செல்பவர்கள் வழியாகத்தான். உணவூட்டுபவர், உடல் துடைப்பவர், படுக்கை மாற்றுபவர் என ஒரே பணியாளரின் கைகள் ஒரு நாளில் பலரைத் தொடுகின்றன. ஐரோப்பாவில் கரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வரை பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்கள் என்று 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு கூறியது. வசதி படைத்த நாடுகளின் நிலையே இதுதான்.

ஆபத்து கரோனாவோடு முடிந்துவிடவில்லை. ஃபுளூ காய்ச்சல், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், சொறிசிரங்கு ஆகியவை முதியோர் இல்லங்களின் நிரந்தர எதிரிகள். முதுமையில் தொற்று ஏற்பட்டால் காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம்; திடீர்க் குழப்பமும், உணவில் நாட்டமின்மையுமே அறிகுறிகளாக இருக்கக்கூடும். அதைக் கண்டறிய வேண்டியவரும் அந்தப் பணியாளர்தான். அவருக்குப் பயிற்சி இருக்கிறதா? விடுப்பு எடுத்தால் அன்றைய ஊதியம் போய்விடும் என்றால், அவர் காய்ச்சலுடன் வேலைக்கு வராமல் என்ன செய்வார்? கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதி வைப்பதால் மட்டும் இதற்குத் தீர்வு பிறந்துவிடாது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்யவும், குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கவும் வகைசெய்யும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. நிறைவேறாமலே, 2024-இல் மக்களவை கலைக்கப்பட்டபோது அது காலாவதியானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம், தேசிய சராசரி 8.6 சதவீதம். கேரளம் முன்னே செல்கிறது, தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்கள் பின்தொடர்கின்றன. பிள்ளைகள் பிழைப்புக்காகக் கடல்கடந்து செல்லும் காலத்தில் முதியோர் இல்லங்கள் பெருகுவதைத் தடுக்க முடியாது. அவை நோய்க்கூடங்களாக மாறுவதைத் தடுக்க முடியும்.

காலாவதியான மசோதாவுக்கு நாடாளுமன்றம் மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். பணியாளர்களுக்குப் பயிற்சி, ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, நோயுற்றவரைத் தனிமைப்படுத்த ஓர் அறை ஆகியவை பதிவுக்கான நிபந்தனைகளாக வேண்டும். இதற்கான செலவை ஏற்க இயலாத அறக்கட்டளை இல்லங்களுக்கு அரசு மானியம் வழங்கட்டும்.

முதியோரைக் கவனிப்பவர்களை நாம் கவனிக்காவிட்டால், முதியோரைக் காப்பதாகச் சொல்வது வெற்றுப் பேச்சே!